இப்ப வர்ற கேமெல்லாம் ரொம்ப ஈஸியாயிடுச்சா?

எட்டுநாலு | 4 ஜனவரி 2025, இரவு 9.12

ஆமாங்கறது என் கட்சி. 1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ்: 32 லெவல், மூணு லைஃப், சேவ் கிடையாது. கடைசி லெவல் 8-4ல (எட்டாவது உலகம், நாலாவது லெவல்) மொத்தமும் போச்சுன்னா மறுபடி 1-1. இப்ப என்னடான்னா பள்ளத்துல விழுந்தா ரெண்டடி தள்ளி எழுப்பி விடறான். ஏற வேண்டிய ஏணிக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கான். புதிர் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னா கூட வர்றவன் விடையை உளறிடறான். விளையாடறது நாமளா அவனா? மறுக்கறவங்க ஆதாரத்தோட வாங்க.

சட்டகம்60 | 4 ஜனவரி, இரவு 10.05

மறுக்கவில்லை, பிரிக்கிறேன். கைக்கு எவ்வளவு கஷ்டம், தோற்றால் எவ்வளவு நஷ்டம், அடுத்து எங்கே போவது என்று தேட வேண்டியிருக்கிறதா, உங்களுக்குத் தெரியாமல் கேம் எவ்வளவு முட்டுக் கொடுக்கிறது. இந்த நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஈஸி’ என்று எழுதி ஒட்டினால் சண்டை தீராது.

8-4ஐயே எடுத்துக்கொள்வோம். அங்கே கைக்குப் பெரிய வேலை இல்லை. தப்பான குழாயை விட்டால் சுற்றிச் சுற்றி அதே இடம் வரும். எந்தக் குழாய் என்று தெரிந்தவனுக்கு மிச்சம் சுத்தியல் எறிகிற ஆமையும் கடைசி வில்லன் பௌசரும்தான். நடுக்கம் வருவது அங்கே செத்தால் பறிபோகும் நேரத்தால். ஒரு தாண்டல் கைக்குப் பழக 30 முயற்சி தேவை என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்துசேர 8 நிமிடம் ஆனால் 4 மணி நேரம். 2 செகண்டில் திரும்ப நிறுத்தினால் மொத்தம் ஒரே நிமிடம். தாண்டல் அதேதான். கஷ்டம் மாறவில்லை, நஷ்டம்தான் மாறியது.

அந்த நஷ்டம் ஏன் வைக்கப்பட்டது என்பதும் ரகசியம் இல்லை. மாரியோ கேட்ரிட்ஜ் மொத்தம் 40 கிலோபைட்: நிரலுக்கு 32, படத்துக்கு 8. வழி தெரிந்த கை, குறுக்கு வழிகளோடு, 5 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியவனிடம் 5 நிமிடக் கேமை நீட்ட முடியுமா? திரும்பத் திரும்ப நடக்க வைத்து நீட்டினார்கள்.

எட்டுநாலு | 4 ஜனவரி, இரவு 10.31

கணக்கு சரி. ஆனா அந்த நாலு மணி நேரம்தான்யா கேமே. நஷ்டம் இல்லாட்டி கை நடுங்குமா?

சட்டகம்60 | 4 ஜனவரி, இரவு 10.40

இன்னொன்று, உங்கள் ஆதாரத்திலேயே ஓட்டை. எல்லா லைஃபும் போனபின் தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் தட்டினால், செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்து தொடரலாம். 8-4ல் போனவன் 8-1. 1985 கேட்ரிட்ஜிலேயே இருக்கிறது.

கோட்டான் | 5 ஜனவரி, அதிகாலை 1.17

40 வருஷமா 1-1லேர்ந்து நடந்தே வந்த ஜனங்ககிட்ட இதை இப்படிப் பொசுக்குன்னு சொல்லலாமா. மனசுன்னு ஒண்ணு இருக்கு.

ஓரக்கல் | 5 ஜனவரி, காலை 11.20

கேட்ரிட்ஜ் கொள்ளளவு ஒரு காரணம் மட்டும்தான். காசு போட்டு ஆடற ஆர்கேட் பெட்டியில கஷ்டம்ங்கறதே கடைக்காரர் திருப்பி வெக்கிற சுவிட்ச். பலகையில டிப் சுவிட்ச்னு சின்ன வரிசை இருக்கும். பேக்-மேன்ல லைஃப் 1, 2, 3, 5ன்னு நாலு நிலை. கூடுதல் லைஃப் 10,000 புள்ளியிலயா, 15,000லயா, 20,000லயா, இல்லவே இல்லையான்னு இன்னொரு நாலு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல எதிராளி கடுமைக்கு எட்டுப் படி. ஒரே கேம் ரெண்டு தெருவுல ரெண்டு விதமா இருந்ததுக்கு இதுதான் காரணம். ‘அந்தக் காலத்து கஷ்டம்’னு நாம நினைக்கறதுல பாதி ஒரு காசுக்கு எத்தனை நிமிஷம் விளையாட விடலாம்ங்கற யாவாரக் கணக்கு.

வீட்டு கன்சோல்ல வேற கணக்கு. அமெரிக்காவுல கேட்ரிட்ஜை வாடகைக்கு விட்டாங்க, ஜப்பான்ல அந்த வழக்கம் நடைமுறையில இல்ல. வாடகைக்கு எடுத்தவன் ஒரே வாரக் கடைசியில முடிச்சிட்டா யாரும் விலை குடுத்து வாங்க மாட்டான். அதனால ஒரே கேம் கடல் தாண்டும்போது கடுமையாச்சு. நிஞ்ஜா கைடன் 3 ஜப்பான்ல எத்தனை தடவை வேணா தொடரலாம். 1991ல அமெரிக்காவுல வந்ததுல அஞ்சே தடவை, அடியும் கூட. காசில்வேனியா 3ல கிரான்ட்ங்கற ஆள் ஜப்பான்ல சாதாரண அடிக்கே கத்தியை வீசுவான், அமெரிக்காவுல கிட்டப் போய்க் குத்தணும். அடியும் அப்படியே. ஜப்பான்ல எந்த எதிரிங்கறதைப் பொறுத்துக் குறையும். அமெரிக்காவுல கேம்ல எவ்வளவு தூரம் வந்திருக்கீங்கங்கறதைப் பொறுத்து, வௌவால் தொட்டாலும் ராட்சசன் அடிச்சாலும் ஏறக்குறைய ஒரே வெட்டு.

எட்டுநாலு | 5 ஜனவரி, மதியம் 2.02

அப்ப கோனாமி கோடு, அந்த ரகசிய பட்டன் வரிசை? அவங்களே உதவியும் குடுத்தாங்களே.

ஓரக்கல் | 5 ஜனவரி, மதியம் 2.15

அது யாருக்குக் குடுத்ததுன்னு பாருங்க. 1986ல கிராடியஸை வீட்டு கன்சோலுக்கு மாத்தின கஸுஹிஸா ஹாஷிமோட்டோ, சோதிச்சுப் பாக்கறதுக்கே தன்னால அதை விளையாட முடியலன்னு மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ வெச்சார். எடுக்காம விட்டது கடைக்குப் போயிருச்சு. கான்ட்ராவுல அதுதான் 30 லைஃப். செஞ்சவருக்கே முடியாத கேமைத்தான் நாம ‘நியாயமான சவால்’னு சொல்லிட்டிருக்கோம்.

கோட்டான் | 5 ஜனவரி, இரவு 11.58

சமையல்காரரே சாப்பிட முடியாத சாம்பார்.

சட்டகம்60 | 6 ஜனவரி, இரவு 9.30

நாலாவதுக்கு வருகிறேன், தெரியாமல் கொடுக்கும் முட்டு. இதற்கு நல்ல சாட்சி 2018ல் வந்த செலஸ்ட். மலையேறுகிற பெண்ணை இயக்கும் நிரலை உருவாக்கியவர்களே வெளியிட்டுவிட்டதால் ஊகிக்க வேண்டியதில்லை.

திரை 320க்கு 180 பிக்சல், ஒரு கட்டம் 8 பிக்சல். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போனபிறகும் 0.1 செகண்ட் வரை தாவல் ஏற்கப்படும், செகண்டுக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்) கணக்கில் 6 பிரேம். தரையைத் தொடுவதற்கு 0.1 செகண்ட் முன்பே பட்டனைத் தட்டிவிட்டாலும் நினைவில் வைத்துக்கொண்டு தரை தொட்டதும் தாவும். தாவும்போது தலை மூலையில் இடித்தால், இடிப்பு 4 பிக்சலுக்குள் இருந்தால், ஓரமாக நகர்த்தி மேலே விடும். சுவரை ஒட்டாமல் 2 பிக்சல் தள்ளியிருந்தாலும் சுவர்த் தாவல் கிடைக்கும். பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் தாவலின் உச்சியில் ஈர்ப்பு பாதியாகும், அதனால் மேலே ஒரு கணம் மிதந்து இறங்கும் இடத்தைத் திருத்தலாம். உடல் மோதும் பெட்டி 8க்கு 11, ஆனால் அடிபடும் பெட்டி 8க்கு 9 தான்.

இவ்வளவு சலுகை கொடுத்தும் அது சுலபமான கேமா? பி பக்கம், சி பக்கம் என்கிற கூடுதல் கடின லெவல்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சலுகை இருப்பதால்தான் அவ்வளவு கொடுமையான லெவலை வரைய முடிந்தது. பிக்சல் சுத்தமாக எல்லாம் கேட்கிற கேமில், முள்ளுக்கு முள் ஒரு கட்டம் இடைவெளி விட்டால் விளையாடுபவன் தன்னைத் திட்ட மாட்டான், கன்ட்ரோலரைத்தான் திட்டுவான். நம் எட்டுநாலு கேட்கிற நஷ்டமும் உள்ளேயே இருக்கிறது: தங்க ஸ்ட்ராபெரியை எடுத்துக்கொண்டு அத்தியாயம் முழுக்க ஒரு தடவைகூடச் சாகாமல் போக வேண்டும், செத்தால் அத்தியாயத்தின் தொடக்கம். வேண்டியவன் தூக்கிக்கொள்கிறான்.

சட்டகம்60 | 6 ஜனவரி, இரவு 9.52

திருத்தம். தரை தொடுமுன் தட்டுவதற்கான நினைவு 0.1 இல்லை, 0.08 செகண்ட், 5 பிரேமுக்குக் கொஞ்சம் குறைவு. விளிம்புக்குத்தான் 0.1. இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன்.

எட்டுநாலு | 7 ஜனவரி, காலை 7.40

தெரியாம உதவறதைத்தான் நான் ஏமாத்துன்னு சொல்றேன். சொல்லிட்டு உதவினா பரவால்ல.

ஓரக்கல் | 7 ஜனவரி, மதியம் 1.05

ஏமாத்துன்னா அதுக்கு ராஜா ஃபயர் எம்ப்ளம். திரையில ‘அடி படும் வாய்ப்பு 90%’னு காட்டும். 2002ல வந்த பைண்டிங் பிளேடுலேர்ந்து பல பாகங்கள்ல ஒரு எண் குலுக்கறதில்ல, 0 முதல் 99 வரை ரெண்டு எண் குலுக்கி சராசரி எடுக்கும். சராசரி 90க்குக் கீழ இருந்தா அடி. நோட்டுல போட்டுப் பாக்கலாம்: ரெண்டு எண்ணுக்கு 10,000 ஜோடி. கூட்டல் 180 அல்லது மேல வந்தாத்தான் தப்பும். அப்படிப்பட்ட ஜோடி 19+18+...+1 = 190. ஆக நிஜ வாய்ப்பு 98.1%. 70ன்னு காட்டினா 82.3. எதிரிக்கு 30ன்னு காட்டினா 18.3 தான். நம்ம ஆளுங்களுக்கு வாய்ப்பு பெரும்பாலும் 50க்கு மேல, எதிரிக்குக் கீழ. சுத்தமான ஒரே விதி, யாருக்கும் பாரபட்சம் இல்ல, ஆனா லாபம் முழுக்க நமக்கு.

எக்ஸ்காம் 2ல இன்னும் நேரடி. கீழ் நிலைகள்ல வரிசையா குறி தப்பினா அடுத்த சுடுதலுக்கு மறைவா வாய்ப்பைக் கூட்டிக்கிட்டே போகும். உச்ச நிலையில அது கிடையாது. அதனாலதான் அங்க போனதும் ‘கேம் ஏமாத்துது’ன்னு கத்தறாங்க. முதல் தடவையா கேம் உண்மை பேசற இடமே அதுதான்.

எட்டுநாலு | 7 ஜனவரி, மதியம் 1.30

98ஐ 90ன்னு எழுதற தராசுக்காரன்கிட்ட அரிசி வாங்கணும் போலயே.

சட்டகம்60 | 7 ஜனவரி, இரவு 8.48

இது புதுப் பழக்கம் இல்லை என்பதையும் பதிய வேண்டும். 1996ல் முதல் கிராஷ் பாண்டிகூட்டே திரும்பத் திரும்பச் சாகிறவனுக்கு முகமூடிப் பாதுகாப்பைத் தானாக மாட்டி அனுப்பியது. 2005ல் ரெசிடென்ட் ஈவில் 4: நன்றாக ஆடினால் எதிரிகள் மூர்க்கமாகிறார்கள், தொடர்ந்து செத்தால் சில இடங்களில் எதிரிகளின் எண்ணிக்கையே குறைகிறது, உள்ளுக்குள் ஒரு அளவுகோல் ஏறி இறங்குகிறது. புரொஃபஷனல் நிலையில் மட்டும் அது உச்சியில் பூட்டப்பட்டிருக்கும். ‘அந்தக் காலத்துக் கறார்க் கேம்’ என்று புகழப்படுவதில் எத்தனை, கண்ணுக்குத் தெரியாமல் தோளைப் பிடித்து நடத்தினவை!

அதே வேலையை வெளிப்படையாகச் செய்தது 2006ன் காட் ஹேண்ட். மூலையில் மானி, 1, 2, 3, அதற்கு மேல் ‘டை’. அடி வாங்காமல் அடித்தால் ஏறும், வாங்கினால் இறங்கும். மேல் நிலையில் விழுத்தும் எதிரிக்குக் கூலி அதிகம். மறைத்தால் ஏமாற்று, மானி வைத்தால் போட்டி. கேமுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

தூண்டில் | 8 ஜனவரி, இரவு 10.10

எல்டன் ரிங் பேச்சே வரலையேன்னு பாத்துட்டிருக்கேன். 2022ல வந்தது, ஈஸி, கஷ்டம்னு நிலை தேர்வே கிடையாது, விற்பனை 2 கோடியே 50 லட்சம் பிரதியைத் தாண்டிச்சு. எல்லாம் ஈஸியாயிடுச்சுன்னா இது எப்படி?

எப்படின்னா, அதுல ஈஸிங்கறது மெனுவுல இல்ல, வரைபடத்துல இருக்கு. நடந்து போய் எடுத்துக்கணும். புதுசா வர்றவங்க தங்க ஒளி காட்டற பக்கம் நேரா போய் கோட்டை வாசல்ல மார்கிட்ங்கற வில்லன்கிட்ட முப்பது தடவை செத்துட்டு விட்டுடறாங்க. செய்ய வேண்டியது இது:

குதிரை கிடைச்சதும் ராத்திரியில எல்லே தேவாலயத்துக்குத் திரும்பிப் போனா ரென்னா உக்காந்திருப்பா. அழைப்பு மணியும் ஓநாய் சாம்பலும் தருவா. அதை அடிச்சா மூணு ஓநாய் கூட நிக்கும், பாஸோட (பெரிய வில்லன்) கவனம் சிதறும். அப்புறம் தெற்கே அழுகைத் தீபகற்பம். அங்க சுத்தினா நிலையும் ஆயுதமும் தானா ஏறும். முர்க்வாட்டர் குகையில பேச்சஸைக் கொல்லாம விட்டா 5,000 ரூனுக்கு (அங்க அதுதான் காசு) மார்கிட்டைக் கட்டற விலங்கு விக்கிறான். முதல் கட்டத்துல மார்கிட்டை ரெண்டு தடவை தரையோட கட்டிப் போடும், அந்த நேரம் இலவச அடி.

பொதுவா பண்ற தப்பு ரெண்டு. ஒண்ணு, புள்ளி எல்லாத்தையும் பலத்துல கொட்டறது. உயிர் 40 ஆகற வரைக்கும் வேற எதுலயும் பெருசா வெக்காதீங்க. 40ல ஆரோக்கியம் 1,450, 60ல 1,900, அதுக்கு மேல 99 வரைக்கும் போனாலும் 2,100 தான், வீண். ஆயுதத்தோட அடி ஆரம்பத்துல புள்ளியிலேர்ந்து வரல, கொல்லன்கிட்ட ஏத்தற கல்லுலேர்ந்து வருது; சாதா ஆயுதம் +25 வரை, சிறப்பு ஆயுதம் +10 வரை. இன்னொண்ணு, சுமை 70%ஐத் தொட்டதும் உருளல் கனமாயிடும், அதைக் கவனிக்காம கவசத்தை மாட்டிக்கிட்டே போறது. 70க்குக் கீழ உருண்டா அடி படாத நேரம் ஏறக்குறைய 0.43 செகண்ட். 30க்குக் கீழ போனாலும் அந்த நேரம் கூடாது, தூரம்தான் கூடும். பாஸ் கையை ஓங்கிட்டு நிறுத்துவான். ஓங்கறப்பவே உருண்டா இறக்கறப்ப மாட்டுவீங்க. கையைப் பாக்காதீங்க, இறங்கற தொடக்கத்தைப் பாத்து அவன் பக்கமாவே உருளுங்க.

எட்டுநாலு | 8 ஜனவரி, இரவு 10.45

விலங்கை வாங்கி மாட்டறது ஏமாத்து இல்லையா அக்கா?

தூண்டில் | 8 ஜனவரி, இரவு 10.52

அதை வெச்சது யாரு, நானா? வாசல்ல தலையால முட்டறதும் வழி, குகையைத் தேடிப் போறதும் வழி. ஆனா ஓநாயைக் கூப்பிட்டா ‘நிஜமா ஜெயிக்கல’ன்னு திட்டற ஒரு கூட்டம் இருக்கு, அவங்களோட பேச எனக்குத் தெம்பில்ல.

2024 ஜூன்ல வந்த நீட்டிப்புல இதே கூத்துதான். அங்க பழைய நிலையை வெச்சு எதுவும் ஆகாது, பலம் கூட்டற ஸ்கேடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கணும். மொத்தம் 50 துண்டு, 20 படி. பொறுக்காம நேரா பாஸ்கிட்ட போனவங்க போட்ட சத்தத்துல கொஞ்ச நாள்லயே பேட்ச் (திருத்தம்) விட்டு முதல் பாதிப் படிகளோட பலனைக் கூட்டினாங்க.

ஓரக்கல் | 9 ஜனவரி, மாலை 6.00

நிலை தேர்வு இருக்கற கேம்ல நடக்கற அநியாயத்தையும் சொல்லணும். ஸ்கைரிம்ல ‘லெஜன்டரி’ங்கற உச்ச நிலை வெச்சா என்ன மாறுது? நம்ம அடி கால் பங்கு, நமக்கு விழற அடி மூணு மடங்கு. முடிஞ்சுது. நடு நிலையில ஒரு கொள்ளைக்காரன் 10 வெட்டுல சாவான், நாம 12 அடி தாங்குவோம்னா, இங்க அவனுக்கு 40 வெட்டு, நமக்கு 4 அடி. அவன் புத்தி அதே புத்தி. பின்னால சுத்தி வரமாட்டான், கதவை மூடமாட்டான். சிவிலைசேஷன் 6ல ‘டெய்ட்டி’ங்கற உச்ச நிலையும் அப்படித்தான்: எதிராளிக்கு ஆரம்பத்திலயே மூணு குடியேறி (நகரம் நிறுவற ஆள்), உற்பத்தியும் தங்கமும் 80% கூடுதல், அறிவியல் 32%, சண்டையில +4. யோசனை பழைய யோசனைதான், சீதனம் மட்டும் ஜாஸ்தி.

பழசுல ஒழுங்கா பண்ணினவங்க இருந்தாங்க. 1993 டூம்ல நிலை ஏறினா எதிரிங்க எங்க நிக்கறாங்க, எத்தனை பேருங்கறது மாறும். அறையே வேற அறையாயிடும். 1997 கோல்டன்ஐல நிலை ஏறினா செய்ய வேண்டிய வேலை கூடும், போன தடவை எட்டிக்கூடப் பாக்காத அறைக்குள்ள போகணும். 1998 தீஃப்ல மேல் நிலையில மனுஷங்களைக் கொல்லவே கூடாது. இதெல்லாம் உக்காந்து கையால செய்யற வேலை. பெருக்கல் எண்ணை மாத்தறது ஒரு நிமிஷ வேலை.

ஆப்லிவியனை விட்டா பாவம். 2006. நாம ஏற ஏற உலகமும் ஏறும். வழிப்பறிக்காரன் கண்ணாடிக் கவசத்துல வந்து நூறு காசு கேப்பான். அதுல உச்சக்கட்ட தந்திரம் என்னன்னா நிலையே ஏறாம இருக்கறது. முக்கியத் திறமைகள் மொத்தம் 10 ஏறினா ஒரு நிலை. அதனால அடிக்கடி பயன்படுத்தற திறமையை முக்கியமில்லாததா வெச்சிக்கணும். படுக்கையில படுத்தாத்தான் நிலை ஏறும், அதனால படுக்கவே கூடாது.

கோட்டான் | 10 ஜனவரி, அதிகாலை 12.40

தூங்காம இருந்தா உலகம் ஈஸியா இருக்கும்னு சொல்ற ஒரே கேம். என் வாழ்க்கைத் தத்துவம்.

சட்டகம்60 | 10 ஜனவரி, இரவு 9.15

இதுவரை எல்லாரும் கேமை அளந்தோம், ஆடுபவனை அளக்கவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. 40 பேர் சேர்ந்து மோல்டன் கோரின் கடைசி வில்லன் ராக்னரோஸை முதல்முறை வீழ்த்த 2005 வரை ஆயிற்று, மாதக்கணக்கு. அதே பழைய கேமை 2019 ஆகஸ்ட் 27ல் ‘கிளாசிக்’ என்று திறந்தபோது ஒரு வாரத்துக்குள் ராக்னரோஸ் விழுந்தான். கேம் அதே, ஆட்கள் மாறிவிட்டார்கள்.

ஓரக்கல் | 10 ஜனவரி, இரவு 9.41

அதே இல்ல. கிளாசிக் ஓடினது 1.12 பேட்ச் மேல. அதுக்குள்ள திறமை மரங்களைத் திருத்தியாச்சு. ஒரு எதிரி மேல ஒரே நேரத்துல ஒட்டக்கூடிய பாதிப்பு (பலவீனமாக்கற மந்திரம் மாதிரி) ஆரம்பத்துல 8, அப்புறம் 16. 40 பேர் சேர்ந்து அடிக்கற இடத்துல இது சின்ன விஷயமில்ல. 2004ல நெட் வேகம், சர்வர் நிலைமையும் வேற.

சட்டகம்60 | 10 ஜனவரி, இரவு 10.20

சரி, அந்தச் சாட்சியை அரைச் சாட்சியாகக் குறைத்துக்கொள்கிறேன். பைட் மாறாத கேம் வேண்டும். 1989 நின்டெண்டோ டெட்ரிஸ்.

அதில் 18ஆம் நிலையில் ஒரு கட்டம் இறங்க 3 பிரேம், 19 முதல் 28 வரை 2 பிரேம், 29ல் ஒரே பிரேம். 20 வரிசையை மூன்றில் ஒரு செகண்டில் கடந்துவிடும். பட்டனை அழுத்திப் பிடித்தால் முதல் நகர்வுக்குப் பின் 16 பிரேம் காத்திருந்து, பிறகு 6 பிரேமுக்கு ஒன்று. 20 பிரேமில் எத்தனை நகரும் என்று எண்ணிப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகாது. அதனால் 29ஐ ‘சாவுத் திரை’ என்று பல வருடம் சொன்னார்கள். கேம் அங்கே முடிகிறது என்றே எல்லாரும் நம்பினார்கள்.

பிறகு பிடிப்பதை விட்டுவிட்டுக் கட்டைவிரல் நடுக்கத்தில் செகண்டுக்குப் பத்துக்கு மேல் தட்டினார்கள். 2021 வாக்கில் ‘உருட்டல்’ வந்தது: கட்டைவிரலைப் பட்டன் மேல் லேசாக வைத்துவிட்டு, கன்ட்ரோலரின் முதுகை மற்ற விரல்களால் வரிசையாகத் தட்டுவது. மிருதங்கம் தட்டுகிற மாதிரி. ஒவ்வொரு விரலும் பட்டனைக் கட்டைவிரலோடு மோதவைக்கிறது. 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் 157ஆம் நிலைவரை போய் கேமையே உறைய வைத்தான். 1989ல் எழுதிய ஒரு பைட்கூட மாறவில்லை.

எட்டுநாலு | 11 ஜனவரி, காலை 8.25

அப்ப புது டெட்ரிஸ்? அதுல ஒரு துண்டை அப்புறத்துக்குன்னு எடுத்து வெச்சிக்கலாம், விழப்போற இடத்தை நிழல் காட்டுது. அது ஈஸிதானே?

சட்டகம்60 | 11 ஜனவரி, காலை 9.50

ஒரு துண்டை வைப்பது ஈஸி, ஆம். ஏழு துண்டையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கித் தீர்ந்தபின் அடுத்த பை. ஒரு நீளத்துண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அதிகபட்சம் 12 துண்டுகள்தான் வரும். பழையதில் அப்படி உத்தரவாதமே கிடையாது, 40 துண்டு வரட்சியும் உண்டு. தரை தொட்டபின் பூட்டுவதற்கு அரை செகண்ட் தவணை வேறு.

ஆனால் அந்தத் தவணை எதற்குப் பயன்பட்டது பாருங்கள். 1998ல் அரிகாவின் டெட்ரிஸ் கிராண்ட் மாஸ்டர் ஆர்கேடில், உச்ச வேகத்தில் துண்டு விழுவதே கிடையாது, தோன்றும்போதே தரையில் கிடக்கும். தரையில் கிடப்பதைத் தள்ளிச் சுழற்ற 30 பிரேம் தவணை இருப்பதால்தான் அதை ஆட முடிகிறது. செலஸ்ட் கதைதான். கையில் கொடுத்த சலுகையை லெவலில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறார்கள்.

தூண்டில் | 11 ஜனவரி, மதியம் 12.30

வெண்பாவை எந்த மூட்டையில கட்டுவீங்க? 2023, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவோட கறைபட்ட சமையல் நோட்டு. அழிஞ்ச வரியை ஊகிச்சு இட்லித் தட்டை அடுக்கறதும் புட்டு வெக்கறதும்தான் புதிர். தப்பா வெச்சா திரும்ப வெக்கலாம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். கஷ்டமும் இல்ல, நஷ்டமும் இல்ல. அதுல மூணு லைஃப் வெச்சா நல்லாவா இருக்கும்?

கோட்டான் | 11 ஜனவரி, மதியம் 12.44

மாமியார் முன்னாடி வெச்சா மூணு லைஃப் பத்தாது.

எட்டுநாலு | 12 ஜனவரி, இரவு 9.00

எல்லாத்தையும் திரும்பப் படிச்சேன். கஷ்டம்ங்கற என் வாதத்தை வாபஸ் வாங்கறேன். நஷ்டம், பாதி வாபஸ். தங்க ஸ்ட்ராபெரி மாதிரி விரும்பினவனுக்குக் குடுத்தா போதும். கேட்டுக் குடுக்கற உதவியிலயும் சண்டை இல்ல. 2009 நியூ சூப்பர் மாரியோ வீயில எட்டு தடவை செத்தாத்தான் பச்சைப் பெட்டி வரும், அதையும் நாம தட்டினாத்தான் லூய்ஜி ஆடிக் காட்டுவான். ஹேடிஸ்ல காட் மோடு விழற அடியில 20% தடுப்புல ஆரம்பிச்சு ஒவ்வொரு சாவுக்கும் 2% ஏறி 80ல நிக்கும், மெனுவுல எழுதியே இருக்கு. சரி.

மூணாவது மட்டும் விடமாட்டேன். தேடறதை எடுத்துட்டாங்க. மஞ்சள் பெயின்ட், அம்புக்குறி, வாயாடித் துணை. இதுக்கு என்ன சமாதானம்?

ஓரக்கல் | 12 ஜனவரி, இரவு 9.35

இதுல நான் உங்க கட்சி. ‘பிடிக்கலன்னா அணைச்சுக்க’ன்னு சொல்றதும் பாதிப் பொய். 2002 மாரோவின்ட்ல அம்புக்குறியே கிடையாது, ஆனா வழியை வாயால சொல்லுவாங்க. ஆரம்பத்துல கையியஸ் கொசாடெஸைத் தேடணும்: செய்டா நீன்ல பூச்சி வண்டி ஏறி பால்மோரா போ, சவுத் வால் விடுதியில விசாரி. அதை வெச்சே கண்டுபிடிக்கலாம். ஸ்கைரிம்ல அம்பை அணைச்சா என்ன ஆகும்? பாதி வேலைகள்ல ‘குகையிலேர்ந்து எடுத்துட்டு வா’ன்னு மட்டும்தான் வசனம். எந்தக் குகை, எந்தத் திசைன்னு யாரும் சொல்லல, ஏன்னா அம்பு இருக்கும்னு நம்பி எழுதின வசனம் அது. எழுதறப்பவே ரெண்டு விதமா எழுதணும். 2018ல அசாசின்ஸ் கிரீட் ஒடிசி அதைச் செஞ்சுது: எக்ஸ்ப்ளோரேஷன் நிலை வெச்சா ‘இந்தத் தீவு, ஆத்துக்குக் கிழக்கே’ன்னு குறிப்பு மட்டும் வரும். அதே வருஷம் ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர்ல சண்டை, தேடல், புதிர் மூணுக்கும் தனித்தனி நிலை. தேடலைக் கடுமையா வெச்சா விளிம்புல இருக்கற வெள்ளைப் பெயின்ட் போயிடும், சண்டை அப்படியே இருக்கும். 2020 லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2ல அஞ்சு தனித் திருகு: நாம வாங்கற அடி, எதிரி, கூட்டாளி, மறைஞ்சு போறது, கிடைக்கற பொருள். பொருளை மட்டும் கடைசிக்கு ஏத்திட்டு மத்ததை நடுவுல விட்டுப் பாருங்க, ஒவ்வொரு குண்டும் எண்ண வேண்டிய கேமாயிடும்.

சட்டகம்60 | 12 ஜனவரி, இரவு 10.02

பழையதையும் முழுக்கத் தூக்கிவைக்க வேண்டாம். 1987 காசில்வேனியா 2ல் சிவப்புப் பளிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவில் போய்க் குந்தியிருந்தால் சூறாவளி வந்து தூக்கிப் போகும். அதை விளையாட்டுக்குள் இருந்தே ஊகிப்பது நடக்காத காரியம். கிங்ஸ் குவெஸ்ட் 5ல் பசிக்கிறதே என்று பணியாரத்தைத் தின்றுவிட்டால், வெகுநேரம் கழித்துப் பனிமனிதன் முன் எறிய ஒன்றும் இருக்காது. பழைய சேவ் இல்லாவிட்டால் முதலிலிருந்து. அதற்குத் தேடல் என்று பெயர் வைக்காதீர்கள்.

தூண்டில் | 12 ஜனவரி, இரவு 10.20

பணியாரம் இல்ல, கஸ்டர்ட் பை.

எட்டுநாலு | 12 ஜனவரி, இரவு 10.26

தலைப்பை மாத்த வழியில்ல. ‘ஈஸியா’ங்கற இடத்துல ‘வாயாடியா’ன்னு படிச்சுக்கங்க.

சட்டகம்60 | 13 ஜனவரி, காலை 7.15

ஏ பட்டன், ஸ்டார்ட் விஷயத்தில் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: ஸ்டார்ட்டைத் தட்டி முடியும்வரை ஏ அழுந்தியே இருக்க வேண்டும். கன்சோலை அணைத்துவிட்டால் செத்த உலகம் நினைவில் நிற்காது, அப்புறம் 1-1 தான்.